வழக்குச் சொத்து

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தபோது
முதலில் வந்தவை காலுறைகள்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் காலுறைகள்,
ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ரப்பர் பேண்டு,
உள்ளே உள்ளங்கையளவு கனம்.
நூற்றுப் பதினான்கு.
ஒன்றும் அசையவில்லை.

கொண்டுவந்த பையனுக்கு மீசை இன்னும் கூடவில்லை.
மகஜரில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டான்:
"அக்கா, அதுகளுக்குத் தண்ணி வச்சீங்களா?"
என் கோபம் அந்த இடத்தில்
தடுக்கி விழுந்தது.

நட்சத்திர ஆமைகள் என்று நான் எழுதியதை
வழக்குச் சொத்து என்று திருத்தினார்கள்.
சந்தனக் கட்டை, கண்ணி, ஒரு நாட்டுத் துப்பாக்கி
இருந்த அறையில் இதுகளுக்கும் இடம்.
சொத்து என்றால் எண் வேண்டும்.
தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய
ரோஸ் கலர் நகச்சாயத்தால்
ஓட்டின் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று.
கறுப்பில் மஞ்சள் கதிர் விரிந்த முதுகில்
என் கோணல் எழுத்து.

டிரைவர் ஒச்சப்பன் தினமும்
கொழுக்கட்டைப் புல் அறுத்துவந்தார்.
சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் நுண்முள் விரலில் ஏற
"எங்க வீட்டு ஆட்டுக்கே நான் புல்லு அறுத்ததில்ல"
என்று மறுபடியும் போனார்.
தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தால்
கழுத்தை நீட்டிக் கண்மூடிக் குடிக்கும்.
ராத்திரிப் பணியில்
ஓட்டோடு ஓடு முட்டும் சத்தம் கேட்கும்,
பக்கத்து அறையில் யாரோ
சோழி உருட்டித் தோற்றுக்கொண்டிருப்பதுபோல.

ஐந்து செத்தன.
மருத்துவர் அறுத்துப் பார்த்தார், தாள் தந்தார்.

அறுபத்து மூன்று சாகவில்லை.
ஒரு விடிகாலை, தண்ணீர் போகும் துவாரத்தில்
சல்லடை விலகிக் கிடந்தது.
வெளியே ஈரமண்ணில் இரண்டு வரிசை நகத்தடம்,
நடுவே தேய்த்த கோடு.
கருவைப் புதர்வரை போயிருந்தது. அதற்குமேல் தேடவில்லை.

"உடல் எங்கே?" என்றார் ரேஞ்சர் ஸ்டீபன் ஜெபராஜ்.
"கீரி இழுத்துட்டுப் போச்சு சார்."
அவர் என்னைப் பார்த்தார். சல்லடையைப் பார்த்தார்.
"எழுதிக்கோ" என்றார்.
ஒரு பாவமும் அறியாத கீரிமேல்
நான் போட்ட பொய் வழக்கு அது.

நாற்பத்தேழாம் நாள் உத்தரவு வந்தது: விடுவிக்கலாம்.
எங்கே?
எந்தக் காட்டிலிருந்து பொறுக்கியது என்று
ஓட்டில் எழுதியிருக்காது.
பேரையூருக்கு மேற்கே ஒரு நிலம்.
வருவாய்த்துறைக் கணக்கில் அதன் பெயர்
தீர்வை ஏற்படாத தரிசு.
ஜீப்பை நிறுத்தினோம்.
தரிசில் ஒரு கௌதாரி கத்தியது.
தரிசில் உடைமரம் மஞ்சளாய்ப் பூத்திருந்தது.
காரை, சூரை, இண்டு, கள்ளி,
கள்ளியடியில் உடும்பு வளை,
வளைவாயில் புதுமண்.
ஒன்றுக்கும் வாயில்லாத இடம்தான்,
வரி கேட்டால் கொடுக்க ஒன்றுமில்லாத இடம்தான்.

கூடையைச் சாய்த்தோம்.
வெகுநேரம் நூற்றெட்டும் கல்லாகவே இருந்தன.
ஒச்சப்பன் பீடி பற்றவைக்கப் போய், வைக்காமல்,
தீப்பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
பிறகு ஒன்று தலை நீட்டியது.
ஒரு புல்லைக் கடித்தது.
போனது.
நன்றி, விடை, திரும்பிப் பார்த்தல்
எதுவும் கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள்
அலுவலகப் பின்வேலியோரம்
நெருஞ்சிப் பூக்கள் வரிசையாகக் கொய்யப்பட்டிருந்தன,
தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில்.
சற்றுத் தள்ளிக் கருவை நிழலில்
ஒரு மஞ்சள் கதிர் நகர்ந்தது.
சாயம் முக்கால்வாசி உரிந்து
ஆறு மட்டும் மிச்சம்.
செத்ததாக நான் எழுதியது
என் முன்னால் மென்றுகொண்டிருந்தது.

உள்ளே வந்தேன்.
வழக்கு இன்னும் நடக்கிறது.
அடுத்த வாய்தாவுக்கு எடுத்துவைக்கவேண்டிய
காலுறைகளை எண்ணினேன்.
நூற்றுப் பதினான்கு.
கணக்கு சரியாக இருந்தது.