விட

மலைமேல் கட்டடம். கீழே நெக்கார் ஆறு பனிமூட்டத்துக்குள்.
ஆறாவது அறையில் மெஹ்டில்ட் ஒலிபெருக்கியைத் திருகுகிறாள்.
நெற்றிக்குப் பின்னால் ஒரு நரம்பணு பேசுவது
சோளம் பொரிவதுபோல் கேட்கும்.

குரங்கின் பெயர் லோடார். பதினோரு கிலோ.
திங்கட்கிழமைகள் அதற்குப் பிடிக்காது, அவளுக்கும்.

திரையில் புள்ளிகள் வரும், ஐந்து என்று வையுங்கள்.
பிறகு வெறுமை.
பிறகு ஒரு வளையம்: சிவப்பு என்றால் கூடுதலைத் தேடு,
நீலம் என்றால் குறைவைத் தேடு.
மறுபடி வெறுமை.
அப்புறம்தான் இரண்டாம் புள்ளிக்கூட்டம்.
தேடியது அதுதான் என்றால் நெம்புகோலை விடு.
ஒரு மிடறு ஆப்பிள் சாறு.

இருபத்தேழாம் நரம்பணுவை அவளுக்குப் பிடிக்கும்.
சிவப்பைக் கண்டால் பொரியும்.
நிறத்துக்குத்தான் பொரிகிறதோ என்று ஈவோ வளையத்தை எடுத்துவிட்டு
நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தான், 'கூடுதல்' என்பதற்கு அடையாளமாக.
பொரிந்தது.
புள்ளிகளை எடுத்துவிட்டுக் கோடுகள் வைத்தான், நெட்டையும் குட்டையுமாக.
பொரிந்தது.
நிறம் இல்லை, ருசி இல்லை, மூன்று இல்லை, எட்டு இல்லை.
வெறும் 'விட'.
எதைவிட என்பது போயாயிற்று.
எது என்பது இன்னும் வந்து சேரவில்லை.
வெள்ளைத் திரைக்கு முன்னால்
ஒரு சொல்லுருபு தனியே நின்று பொரிகிறது,
பற்றிக்கொள்ளப் பெயர்ச்சொல் இல்லாமல்.

அன்று அறுநூற்றுப் பன்னிரண்டாம் முறை.
சிவப்பு வந்தது. இருபத்தேழு வாய் திறக்கவில்லை.
பக்கத்துக் கம்பியில், நீலத்துக்கு மட்டுமே எழும் முப்பத்தொன்று
தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல் பொரிந்து தள்ளியது.
மெஹ்டில்டின் காப்பிக் கோப்பை பாதிவழியில் நின்றது.
புள்ளிகள் இன்னும் வரவில்லை.
லோடார் தப்புச் செய்யப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது,
லோடாருக்குத் தெரியும் முன்பே.

எட்டு வந்தது.
ஐந்தைக் காட்டிலும் எட்டு அதிகம் என்று அதற்கு நன்றாகவே தெரியும்.
நெம்புகோலை விடவில்லை.
சாறு இல்லை. ஈவோ ஒரு சுழியம் தட்டினான்.
"எண்ணியது சரி," என்றாள். "வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது."
"அதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது," என்றான்.

வீட்டில் ரைன்ஹோல்ட் வெங்காயக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தான்.
"இந்த வாரம் நான்கு ராத்திரியா?"
"நான்கு ராத்திரிதானே."
எண்ணில் சண்டையே இல்லை. நான்கு நான்குதான்.
அவன் 'ஆ'வில் நின்றான், அவள் 'தானே'யில்.
வளையம் எப்போது வந்து போனது, என்ன நிறம்,
இருவரில் யாருக்கும் ஞாபகமில்லை.
தட்டில் இரண்டு துண்டு. அளந்து பார்ப்பவன்போல் பார்த்துவிட்டுப்
பெரியதை அவள் பக்கம் தள்ளினான்.
அன்பா, குத்தலா?
அவன் நெற்றியைப் பார்த்தாள். நெற்றி நெற்றியாகவே இருந்தது.
கேட்காமல் அதற்குள் கம்பி இறக்க யாருக்கும் உரிமையில்லை.
லோடாரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, கூண்டுக்கு முன்னால்,
ஒரு கையில் மூன்று உலர்திராட்சை, மறுகையில் ஆறு,
மூடாமல் நீட்டினாள். வளையம் இல்லை, சொட்டு இல்லை.
லோடார் கைகளைப் பார்க்கவில்லை.
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது,
வெகுநேரம்.