நாய்க்கு ஒரு பங்கு

நெடுங்கேணிக்கு மேற்கே, மழை விட்ட மூன்றாம் நாள்.
ஈரமண் எழுதி வைத்ததை
வெயில் அழிக்க முன்னம் வாசிக்க வேண்டும்.

சின்னவனைச் சீலையால் மார்போடு கட்டினேன்.
ஆறு வயது யதுசா முன்னால்,
அவளுக்கும் முன்னால் கறுவல்,
பன்றி கிழித்த மூக்கோடு மூக்கறை.
இடியன் என்னுடையது. கலியாணத்துக்கு முன்னமே என்னுடையது.
அவருக்கு வவுனியாவில் பஸ் ஓட்டம்;
பன்றியைக் கறியாகத்தான் தெரியும்.

பால் மணத்துக்குப் பன்றி ஓடிவிடும் என்றார்
செல்லத்தம்பியர்.
உங்கட சுருட்டுக்கு ஓடாதோ என்றேன்.
பிறகு அவர் கதைக்கவில்லை.
ஒன்றும் வராத வெட்டைப் பக்கம்
என்னை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

யதுசாவுக்குச் சாம்பல் ஊதிக் காற்றுப் பார்க்கத் தெரியும்.
புற்றைத் தட்டாமல் தாண்டத் தெரியும்.
மண்டையோடு கீறின சிவப்புப் பலகை
சாய்ந்து கிடந்தாலும் அது பலகைதான்,
அதற்கு அப்பால் எவ்வளவு பழுத்தாலும்
பாலைப்பழம் பழமில்லை
என்றும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு மிருகம் கீறச் சொன்னார்களாம்.
பிளந்த குளம்பு இரண்டு கீறினாள்,
பின்னால் இரண்டு புள்ளி.
பன்றி எங்கை பிள்ளை?
இப்பத்தான் போனது, ரீச்சர்.

வெட்டை ஓரம் சின்னவன் சிணுங்கினான்.
பாலையடியில் குந்தி முலை கொடுத்தேன்.
இடியன் வேரில் சாத்தியபடி.
அவன் சப்பும் சத்தம்
காட்டுக்குப் பழகின சத்தம்;
எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை.

தோளில் ஒரு விரல்.
யதுசா கதைக்கவில்லை, நாடியால் காட்டினாள்.
நாய்கள் இன்னும் அறியாத ஒரு கறுப்பு
ஈச்சம்பற்றைக்குள்
மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

வெடி.
சின்னவன் முலையை விட்டான்,
என்னைப் பார்த்தான்,
அழுவமோ விடுவமோ என்று யோசித்தான்,
மறுபடி வாய் வைத்தான்.

குளக்கட்டில் தேக்கிலை விரித்துப் பங்கு வைத்தார்கள்.
ஆளுக்கு ஒன்று. துவக்குக்கு ஒன்று.
நாய்க்கு ஒன்று.
பிள்ளைக்கு? என்றேன்.
பிள்ளைக்கு வைக்கிற வழமை இல்லை.
நாய் மணந்து பிடிக்க முன்னம் கண்டவள் என்றேன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை. கத்தி
விலாவுக்குள் போன இடத்திலேயே நின்றது.

செல்லத்தம்பியர்தான் கடைசியில்
ஓர் இலையை இழுத்துப் போட்டார்:
ஈரலில் பாதி, ஒரு துண்டு தொடை.
"நாய்க் கணக்கில போடுறன்" என்றார்,
என் முகத்தைப் பாராமல்.

எந்தக் கணக்கிலாவது போடுங்கோ.

யதுசா இலையைத் தானே கட்டி
ஒருவரிடமும் கொடாமல் தூக்கி வந்தாள்.
பாதி வழியில் நின்றாள்.
தம்பி வெடிக்கும் அழேல்லைத்தானே அம்மா,
அவன்ர பங்கு எங்கை?

நான் நடந்தேன்.
கறுவல் அவளை விட்டு விலகாமல் வந்தது,
கண் முழுக்க இலையில்.