எந்திரக் கோளாறு ஏதுமில்லை

ஊது என்றார் ஏட்டு முனிரத்தினம்.
ஊதினேன்.
இன்னும் ஊது, பாயசமா ஆத்துற, மூச்ச வுடுய்யா என்றார்.
விருதம்பட்டு வளைவு, இரவு பதினொன்றே கால்.
கைக்கடக்கமான பெட்டி
என் நெஞ்சுக்குள் இருந்ததை
நூற்று எண்பத்தாறு என்று படித்தது.

நூற்று எண்பத்தாறுதான்.
பொய் சொல்லாத பெட்டி.
பாதியில் நிறுத்திக்கொண்ட பெட்டி.

சத்துவாச்சாரி கோர்ட்டில்
எங்கள் வரிசை வேப்பமரம் வரை நின்றது.
ஆம்பூர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர்,
குடியாத்தத்து லுங்கி வியாபாரி,
மணிக்கட்டில் கங்கணம் அவிழ்க்காத
புது மாப்பிள்ளை.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பத்தாயிரம்.
தெய்வானையின் கம்மலை வைத்த சீட்டு
சட்டைப் பையில் நனைந்துகொண்டிருந்தது.
மழையா? இந்த ஊரிலா?
வேர்வை.

கட்டிவிட்டுத் திரும்பினால்
வராந்தாவில் ஒரு பெண், பெயர் ரெஹானா,
ஏதோ ஆராய்ச்சியாம், அட்டையில் செருகிய தாள்கள்.
இஷ்டமிருந்தா சொல்லுங்கண்ணா, இல்லன்னா போலாம் என்றாள்.
போலாம் என்று அன்றைக்கு
என்னிடம் சொன்னது அவள் ஒருத்தி.
உட்கார்ந்தேன்.

வாரத்தில் எத்தனை நாள்?
ஏழு.
எவ்வளவு?
குவார்ட்டர். சம்பளத்தன்று கணக்கில்லை.
ஹான்ஸ்?
உண்டு.
தூக்க மாத்திரை?
மெடிக்கலில் தெரிந்த பையன் இருக்கிறான்.
காலையில் கை நடுங்குமா?
நீட்டிக் காட்டினேன்.
எப்போதிருந்து?

அதற்குத் தாளில் இருந்த கட்டம்
சுண்டுவிரல் நகத்தளவு.

மூன்று வருஷம் முந்தி, தை மாசம்,
பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு இப்பால்,
விடிந்து ஏழு மணி.
பின்னால் தோல் லோடு. நாற்பதில்தான் போனேன்.
தயிர் பாக்கெட்டோடு ஒரு பையன்
ரோட்டைத் தாண்ட நினைத்தானா,
திரும்பிவிட நினைத்தானா,
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.
அன்றைக்கு நான் குடிக்கலம்மா.
குடித்ததே இல்லை என்றால் பொய்;
தீபாவளிக்கு, சாவுக்கு, யாராவது வாங்கித் தந்தால்.
அன்றைக்கு டீ கூடக் குடிக்கவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார்.
பிரேக்கை மிதித்தார், ஸ்டியரிங்கை ஒடித்தார்,
டயரைத் தட்டினார்,
எந்திரக் கோளாறு ஏதுமில்லை என்று
கையெழுத்துப் போட்டார்.
வண்டியை விட்டுவிட்டார்கள்.
பிறகு என்னையும்.
அவர் தட்டிப் பார்த்தபோது
வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வீட்டில் தயிர் வாங்குவதில்லை.
ஏன் என்று தெய்வானை கேட்டதில்லை.
படுத்தால் வெள்ளையாக ஒன்று தாரில் பரவும்.
அதற்கு ஒரு குவார்ட்டர்.
அது அடங்கினால் சத்தம் வரும்.
அதற்கு மாத்திரை.
இதையும் சேர்த்து ஊதியிருந்தால்
ஏட்டய்யாவின் பெட்டி என்ன எண் காட்டியிருக்கும்?

ரெஹானா கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் எழுதினாள்.
ஓரம் தீர்ந்து தாளைத் திருப்பினாள்.
செவ்வாக்கெழம பாகாயம் வரீங்களா,
காலைல எட்டுக்கே டோக்கன் என்றாள்.
பார்க்கலாம் என்றேன்.
பார்க்கலாம் சொன்னவர்களை நிறையப் பார்த்தவள் போல
எட்டு மணி என்றாள் இன்னொரு தடவை.

லைசென்ஸ் ஆறு மாசம் அவர்களிடம்.
டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டு.
கிரீன் சர்க்கிளில் ஒரு ஸ்கூட்டி குறுக்கே பாய்ந்தது.
என் வலது கால்
தகரத் தரையை ஓங்கி மிதித்தது.
பஸ் நின்றது,
நான் மிதித்ததால் இல்லை.
பக்கத்து ஆள் என் காலைப் பார்த்தார்.
கண்டக்டர் விசிலடித்து, பஸ் கிளம்பி,
பாலாற்றுப் பாலம் ஏறிய பிறகும்
எடுக்க வரவில்லை.