கூண்டு எண் நான்கு

கலீசியாவில் மார்ச் மாத மழைக்கு
தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது.
ரொசெந்தோவின் படகு
யூகலிப்டஸ் கட்டைகள் கோத்த அவர் மிதவைக்கு
எங்களை ஏற்றிப் போகிறது.
உஷியா நின்றபடியே எண்களைச் சரிபார்க்கிறாள்.
நைட்ரஜன் குடுவையைப் பிடித்துக்கொள்வது என் வேலை,
கைக்குழந்தை மாதிரி, மடியில்.

இருபத்தெட்டு நாள் தண்ணீரில் தொங்கின ஐந்து கூண்டுகள்.
மூன்று, கப்பல் பட்டறையின் வாசலில்.
ஐந்தாவது, சாக்கடைக் குழாய்க்கு எதிரே.
நான்காவது இங்கே,
"இந்தக் கழியிலேயே என் தண்ணீர்தான் சுத்தம்" என்று
ரொசெந்தோ மார்தட்டிய இடத்தில்.
மற்ற நான்கையும் நிறுக்க இதுதான் எடைக்கல்.

கருஞ்சிப்பிக்குத் தெரிந்த சொல் இரண்டே.
திறப்பது. மூடுவது.
மூடிக்கொண்டு எத்தனை நாள் இருக்கும்?
பசிக்கும். திறக்கும்.
வருகிற தண்ணீரையெல்லாம் செவுளில் சலித்து
பாசியோடு சேர்த்துச் செம்பையும் விழுங்கும்.

பார்த்தால் ஒன்றும் தெரியாது.
ஓட்டில் கீறல் இல்லை. சதை கொழுகொழு.
வேகவைத்தால் பெண் ஆரஞ்சு, ஆண் வெண்ணெய் நிறம்,
எலுமிச்சை பிழிந்தால் ஊரே வந்து உட்காரும்.

தெரிவதெல்லாம் அரைத்த பிறகு.
செரிமானச் சுரப்பியை உரலில் இட்டு
உறைபனிப் புகைக்குள் நான் பொடிக்கிறேன்.
அன்று காலை அந்த உயிர்
தன் மரபணுக்களில் எதையெதை
வாய்விட்டுப் படித்தது என்ற கணக்கு
அந்தப் பொடியில் இருக்கிறது.

எழுத்து ஒன்றும் அழியவில்லை.
பிறக்கும்போது வந்த புத்தகம் அப்படியே.
திறந்து வைத்திருக்கும் பக்கம்தான் வேறு.

பட்டறை வாசலில் தொங்கியவை
உலோகத்தைப் பிடித்துக் கட்டும் புரதத்தின் பக்கத்தை
பதினோரு மடங்கு சத்தமாகப் படித்திருந்தன,
தீப்பிடித்த வீட்டில்
"தண்ணீர், தண்ணீர்" என்று கத்துகிறவர்களைப் போல.
கோணிப்போன புரதங்களை நிமிர்த்தும் பக்கத்திலும்
அதே கூச்சல்.
கயிற்றைப் பற்றிக்கொள்ள நூல் நூற்கும் பக்கத்தில்
ஏறக்குறைய மௌனம்.
எல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது நான்காவது கூண்டு.
ஒன்பது மடங்கு.

உஷியா என்னைப் பார்த்தாள்.
நான் உரலைப் பார்த்தேன்.
சரியாகக் கழுவவில்லையோ?
புதுச் சிப்பி, புது உரல், புதுக் கையுறை.
ஒன்பது.
ஒரே ஒரு தடவை எட்டரை.

அப்புறம்தான் முதல் நாள் எடுத்த படங்களைத் தேடினாள்.
மிதவையின் மேற்கு ஓரத்தில் ரொசெந்தோவின் படகு,
வயிறு முழுக்கப் புது வண்ணம்,
வெந்த செங்கல் சிவப்பு.
பாசி படராமல் இருக்க, கொட்டலசு ஏறாமல் இருக்க
செம்பு கலந்து விற்கிற வண்ணம்.
கூண்டுக்கும் அதற்கும் நடுவே நாலு முழம்.

"ஒரு படம் சாட்சி ஆகாது" என்றாள் உஷியா.
ஆனாலும் சொல்லத்தானே வேண்டும்.
யார் சொல்வது என்று கரையில் எங்களுக்குள் தகராறு.
கடைசியில் நான்.

துறைமுகக் காப்பிக் கடையில்
சர்க்கரை போடாத காப்பியை அவர் கலக்கிக்கொண்டே இருந்தார்.
"போன வருஷம் மலிவு வண்ணம் அடித்தேன்.
படகு முழுக்கக் கொட்டலசு. வேறென்ன செய்ய?"
பிறகு,
"விற்கலாமா?"
விற்கலாம். சட்டம் சொல்கிற அளவுக்குள்தான்.
"செத்துப்போகுமா?"
இல்லை.
"அப்படியென்றால் என்ன?"

நூல் நூற்க வேண்டிய நேரத்தில்
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறது
என்றேன். அறிக்கையில் எழுத முடியாத வாக்கியம்.

"மனுஷனுக்கும் அந்தப் பக்கம் உண்டா?"
உண்டு.
கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தார்.
நகக்கண்ணில் இன்னும் அந்தச் சிவப்பு.

மறுநாள் மிதவையின் மேற்கு ஓரம் காலியாக இருந்தது.
படகை எங்கே கொண்டுபோய்க் கட்டினார் என்று
நாங்கள் கேட்கவில்லை;
எங்கே கட்டினாலும் அங்கேயும் தண்ணீர்தான்.

நான்காவது கூண்டுக்குப் புது இடம் வேண்டும்.
உஷியா கழியின் வரைபடத்தை மேசைமேல் விரித்து
பென்சிலைக் கொண்டுபோகிறாள்,
வடக்கே, தெற்கே,
தீவுக்கு அந்தப் பக்கம்.
இன்னும் ஊன்றவில்லை.