இளைப்பாறும் றப்பர்

டண்டெனோங் தெற்கு. காலை ஆறு மணி.
நிரந்தரமானவர்களுக்கு நீல மேலங்கி,
ஏஜென்சி அனுப்பியவர்களுக்குச் செம்மஞ்சள்.
முதுகைப் பார்த்தாலே தெரியும்
யாருடைய பெயரைப் பாடமாக்கத் தேவையில்லை என்று.

மங்களேஸ்வரி என்றேன்.
கொரான் இரண்டு தரம் முயன்றான்.
மூன்றாம் தரம் ‘மாங்கோ’ என்றான்.
பதினொரு கிழமைக்கு அது போதும்.

குளிரறைக் கதவுகளின் விளிம்பில் ஓடும்
கறுப்பு றப்பர்.
பெரிய சுருளிலிருந்து இழு, அள, வெட்டு,
நாலு துண்டைச் சூட்டில் வைத்து மூலை ஒட்டு.
இழு, அள, வெட்டு.
அளந்தது சரி. வெட்டினதும் சரி.
ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில்
ஒரு லொறி திரும்பி வரும்
கதவுக்கு எட்டாத சட்டங்களோடு.
மூலையில் விரல் நுழையும் இடைவெளி,
அதற்குள்ளால் எவருடையதோ ஐஸ்கிறீம் உருகிய கதை.

‘எப்பவும் இப்படித்தான்’ என்றான் கொரான்.
‘றப்பர் தானே’ என்றாள் துய்,
பதினாறு வருடமாக அதே மேசை, அதே கத்தி.
கழிவுத் தொட்டிக்கு மட்டும்
சக்கரம் பூட்டியிருந்தார்கள்,
அடிக்கடி நிறைவதால்.

ஒரு துண்டில் வெள்ளை மார்க்கரால் திகதி போட்டு
லொக்கருக்கு மேல் நீட்டி வைத்தேன்.
பின்னேரம் ஆயிரத்து இருநூறு மில்லிமீற்றர்.
விடியப் பார்த்தால்
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று நாலு.
அடுத்த நாள் வேறு துண்டு. அதிலும் ஆறு குறைந்தது.
முதல் துண்டைத் திரும்ப அளந்தேன்,
அது அதற்கு மேல் சுருங்கவில்லை.

தைக்கிறவளுக்கு இது தெரியும்.
கடைச் சுருளில் இருந்தபடியே
இலாஸ்ரிக்கை வெட்டித் தைத்தால்
முதல் நாளே பாவாடை இடுப்பைக் கடிக்கும்.
இறுக்கிச் சுற்றியது
அவிழ்த்த உடனே ஆறாது.

என் ஆங்கிலத்தில் அது மூன்று சொல்:
றப்பர் களைப்பு. நித்திரை.
கொரான் சிரித்தான்.
சிரிக்காமல் ஒரு சுருளைத் தந்தவள்
இரவு முறைக்குப் பொறுப்பான ஹமீதா.
உடைந்த பலகைகளை அடுக்கி
ஃபோர்க்லிஃப்ட் பாதைக் கோட்டுக்கு வாங்கி மிஞ்சிய
மஞ்சள் பெயின்றை அடித்தோம்.
மாலையில் அவிழ்த்துக் கிடத்துவது,
காலையில் வெட்டுவது.

அந்த வெள்ளி லொறி வரவில்லை.
அடுத்த வெள்ளியும்.
கொரான் அளவுநாடாவோடு வந்து
நெடுநேரம் குனிந்து நின்றான்.
பிறகு சுவரில் ஒட்டியிருந்த வேலைமுறைத் தாளில்
தன் கையால் ஒரு வரி சேர்த்தான்.
றப்பருக்கு ஓர் இரவு ஓய்வு
எழுத்தில் கிடைத்தது.
எனக்கு எழுத்தில் அப்படி ஒன்றும் இல்லை.
பதினொராம் கிழமை
மேலங்கியைத் தோய்த்துத் தரச் சொன்னார்கள்.

மூன்று வருடம்.
கோழி பொதி செய்யும் இடம், பிளாஸ்ரிக் மூடிகள்,
சில கிழமை எங்கேயும் இல்லை.
பிறகொரு குறுஞ்செய்தி: அதே தெரு, அதே கதவு.

கொரான் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டான்.
துய்க்கு முழங்கால்.
எனக்கு வேலை காட்டியவன் டைசன்,
பத்தொன்பது வயது, காதில் வளையம்.
‘இது மாங்கோ றாக்கை.
சுருளை முதல் நாளே அவிழ்த்துப் போடவேணும்.’
‘ஏன் மாங்கோ?’
‘மஞ்சள் தானே.’
‘ஏன் முதல் நாளே?’
‘எப்பவும் இப்படித்தான்.’

பலகை போய் இப்போது இரும்பு.
நாலு தட்டு, நல்ல மினுக்கம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மேல் தட்டுக்கு எக்கினேன், எட்டவில்லை.
அந்தப் பக்கம் ஒருத்தி
கவிழ்த்த வாளியில் ஏறி நின்று
சுருளை இழுத்துக்கொண்டிருந்தாள்,
செம்மஞ்சள் மேலங்கி.

‘ஏன் இவ்வளவு உயரம்?’ என்றேன்.
டைசன் வாய் திறக்க முன்
சட்டைப்பையில் மார்க்கர் இருக்கிறதா என்று
தடவிப் பார்த்துக்கொண்டேன்.