ஐந்து ஆம்பியர்

அரசு மின்சாரத்தை எங்கள் பஸ்ராவில்
வத்தனியா என்போம், தேசத்தவள்.
பெண்பாலில்தான் பேச்சு:
வந்துவிட்டாள், போய்விட்டாள்,
நேற்று ராத்திரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

போனால், தெருமுனையில்
அபூ சர்மதின் ஜெனரேட்டர் இருமும்.
அவரிடம் நாங்கள் வாங்கியது ஐந்து ஆம்பியர்.
ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு.
ஷஹத் இஸ்திரிப்பெட்டியைச் செருகினால்
டக்.
அப்புறம் அபூ சர்மதைத் தேடி
இருட்டில் செருப்பைத் தேடவேண்டும்.

இந்த வருஷம் போதும் என்றேன்.
என் வளையல் இரண்டும்
ஹாதிஃபின் மோட்டார் சைக்கிளும்
நாலு சோலார் பலகையாகி
மாடியில் மல்லாந்து படுத்திருக்கின்றன,
கொடிக்கயிறு இருந்த இடத்தில்.

பேட்டரியோடு வந்த சீனக் காகிதத்தை
படம் பார்த்தே படித்தார்.
வெயில் படக்கூடாது. தூசி ஆகாது.
நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் தாங்காது.
இந்த ஊரில் பிறந்த யாருக்கும்
இப்படிக் கேட்க வாய் வராது.

வடக்குப் பார்த்த அறை ஒன்றுதான் வீட்டில்.
எங்கள் கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்தினோம்.
அடியில் கிடந்தவை வெளிச்சத்துக்கு வந்தன:
ஒரு காலுறை, ஒரு பேரீச்சங்கொட்டை,
அவர்தான் தொலைத்தார் என்று
நான் மூன்று நாள் பேசாமலிருந்த
ஒற்றைக் கம்மல்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டார்.

ஜன்னல்களுக்கு அலுமினியத் தாள் ஒட்டினேன்.
தண்ணீர்த் தொட்டிக்குச் சாக்குச் சட்டை தைத்தேன்.
எதை முதலில் நிறுத்துவது என்று எழுதி
இன்வெர்ட்டருக்கு மேலே ஒட்டினேன்.
முதலில் டிவி. அடுத்து தண்ணீர் மோட்டார்.
மின்விசிறி கடைசி.
கீழே பென்சிலில் ஷஹத் சேர்த்திருந்தாள்:
எல்லாவற்றுக்கும் முன்னால், அம்மாவின் ஹேர் டிரையர்.

ஜூன் முடியவில்லை, அதற்குள் ஷர்ஜி காற்று
கடலின் வியர்வையைச் சுமந்து வந்து
சுவரெல்லாம் பூசியது.
நாங்கள் தயார்.
அவள் போகவில்லை.

மறுநாளும் போகவில்லை.
தெருவே மகிழ்ந்திருக்க, எங்கள் வீட்டில் மட்டும்
பந்திக்கு இலை போட்டுவிட்டு
வராத சம்பந்தி வீட்டாருக்குக் காத்திருக்கும் முகம்.
வடக்கு அறையில் பேட்டரி
நூறு சதவீதம் நிரம்பி
சும்மா இருந்தது.

மூன்றாம் இரவு, இரண்டரை மணி.
அவர் தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது.
"இன்றைக்கும் போகமாட்டாள் போல" என்றார்.
எழுந்தேன்.
வெறுங்காலோடு மீட்டர் பெட்டிவரை நடந்து
மெயின் சுவிட்சை இறக்கினேன்.

ஒரு நொடி, பழைய நொடி.
காது தானாகவே
தெருமுனை இருமலுக்குத் தயாரானது.
பிறகு வடக்கு அறையில் ஏதோ
மெல்லக் கிளுக்கென்றது.
மின்விசிறிக்கு நடந்ததே தெரியவில்லை.
தெருவெங்கும் தேசத்தின் விளக்குகள்.
எங்கள் கூடத்தில் மட்டும்
நேற்றைய வெயில்.

ஹாதிஃப் சிரிப்பை அடக்கமுடியாமல்
தலையணையைக் கடித்தார்.
உள்ளேயிருந்து ஷஹத் கேட்டாள்,
பாதித் தூக்கத்தில்:
"அம்மா, வந்துட்டாளா, போயிட்டாளா?"

தூங்கு, என்றேன்.