விரற்கடை

நாற்பத்து மூன்று வயதில் முதலாம் ஆண்டு.
தொலைதூரக் கல்வி, சமூகவியல்.
டிக்கெட் பைக்குள்
சில்லறைக்கும் சோற்று டப்பாவுக்கும் நடுவே
ஓரம் நனைந்து கிடக்கிறது புத்தகம்.
"படிச்சா இன்கிரிமென்ட் உண்டா?" என்றாள் சரோஜினி.
இல்லை.
"அப்புறம் எதுக்கு?"

கோத்தகிரியில் காலை ஆறு இருபது.
எதிரே வருவது லாரியா மேகமா என்று
கிட்டத்தில் வந்தால்தான் தெரியும்.
பழகியதை முதல்முறை பார்ப்பதுபோல் பார்
என்கிறது முதல் அத்தியாயம்.
பத்தொன்பது வருடம் இதே தடம்.
எந்த வளைவில் யார் வாந்தி எடுப்பார்கள் என்பதுகூடத் தெரியும்.
இதில் என்ன பார்க்க?

சரி என்று பார்த்தேன்.
டிரிப் ஷீட்டின் முதுகில் பென்சிலால் குறித்தேன்.
ஹட்டிக்கு ஊர் வாசலிலேயே ஸ்டாப்.
எஸ்டேட் லைனுக்கு முந்நூறு அடி தள்ளி.
பங்களாவுக்கு ஸ்டாப்பே இல்லை,
கை காட்டினால் வண்டி நிற்கும்.
முன் ஸீட்டுகள் காலியாய்க் கிடக்க
கடைசி வரிசைக்கு நடக்கிறாள் அங்கம்மா.
யாரும் சொல்லவில்லை.
பஸ்ஸில் எழுதியிருப்பது
கரம் சிரம் புறம் நீட்டாதீர், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை என் கரத்தைப் பார்த்தேன்.
கேரட் மண்டிக்காரர் உள்ளங்கையில்
காசை வைக்கிறேன். அவர் சூடு விரலில் படுகிறது.
லைன்காரர் கைக்கு மேலே
ஒரு விரற்கடை உயரத்தில்
விட்டுவிடுகிறேன்.
பெண்களுக்கு இப்போது இலவசம்.
காசே இல்லாத அந்தத் தாளும்
அதே உயரத்திலிருந்துதான் இறங்குகிறது.

அப்பா சொல்லித் தந்ததில்லை.
டிப்போவில் பயிற்சி கொடுத்ததில்லை.
குளிரில் விரல் மரத்துப்போச்சு என்று
எனக்கே ஒரு சாக்குச் சொன்னேன்.
குளிர் ஆள் பார்த்தா வரும்?

வெள்ளிக்கிழமை
அங்கம்மாவின் கையில் டிக்கெட்டை வைத்தேன்,
கொழுந்துக் கறை ஏறிய வெடிப்பின்மேல்.
வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.
"கண்டக்டரே, கை எதுக்கு நீளுது?"
பஸ் மொத்தமும் திரும்பியது.
காது கொதித்தது.
இதற்கு இரண்டு அத்தியாயம் வேண்டும் போல.
நான் ஒன்றுதான் படித்திருந்தேன்.

அவளுக்குப் பின்னால் சன்னாசி,
மூன்று ரூபாய் மீதி.
நாணயத்தோடு என் கை இறங்க
அவர் கையும் தானாக ஒரு விரற்கடை இறங்கியது.
இன்னும் இறக்கினேன். இன்னும் இறங்கியது.
கிட்டத்தட்ட அவர் முழங்கால் வரை
துரத்திக்கொண்டு போய் வைத்தேன்.
இரண்டு பேரும் வெளியே பார்த்தோம்.
வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாய் இருந்தது.

திரும்பும் டிரிப்பில் கட்டபெட்டு தாண்டி
எஸ்டேட் லைனுக்கு நேரே விசில் கொடுத்தேன்.
போஜன் பிரேக்கை மிதித்துவிட்டுக்
கண்ணாடியில் முறைத்தார்:
"ஸ்டாப் இங்கயா இருக்கு?"

அதையும் குறித்துக்கொண்டேன்,
அவர் கேட்ட வார்த்தையிலேயே.